வாரியத்துப் பாறைகள்

ராசாத்தாள் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். சொந்தக் காட்டைச் சொந்தச் செலவில், யாரையும் கேட்காமல் சமப்படுத்திவிட்டாள்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இது பிறவிக் குணம். மழை பெய்த மறுநாள் விடிகாலையில் ஏர் பூட்டாதவனுக்குப் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள். உத்தரவு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் வழக்கம் அங்கே கிடையாது. முதலில் செய்துவிடுவார்கள். கேட்பதா வேண்டாமா என்பதைப் பிறகு யோசிப்பார்கள்.

பல்லடத்திலிருந்து வெள்ளகோவில் போகிற வழியில் கல்லாங்காட்டுப்புதூரில், ராசாத்தாளுக்கு அப்பன் வீட்டுச் சீதனமாக மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு இருந்தது. சீதனம் என்பது மரியாதைக்குச் சொல்வது. கொள்ளு விதைத்தாலும் முளைக்காத பூமி அது. ஆளுயரப் பாறைகள் நாலா பக்கமும் நின்றன. மேயப்போன ஆடு வெறும் வயிற்றோடு திரும்பி வரும்.

ஆனால் ராசாத்தாள் கோயம்புத்தூரில் ஒரு வாடகைக் கொட்டகையில் கிரைண்டர் செய்து விற்றுக்கொண்டிருந்தாள். கிரைண்டருக்குக் கல் வேண்டும். அவளிடம் கல்லைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆள் வைத்துப் பாறைகளை உடைத்தாள். அடிக்கல்லும் குழவியுமாகக் கொத்தி மோட்டார் மாட்டி ஊரெல்லாம் விற்றாள். பாறை தீர்ந்த இடத்தில் டிராக்டர் விட்டு மேடு பள்ளத்தை நிரவினாள். பார்த்தால் பட்டறை கட்ட அருமையான இடம். கட்டியும்விட்டாள்.

அதற்குக் கரண்டு மட்டும்தான் பாக்கி. அந்த வருஷம், அதாவது தொண்ணூற்றாறில், கொட்டகைச் சொந்தக்காரர் கல்யாண மண்டபம் கட்டப்போவதாகச் சொல்லி, தை பிறக்கும்போது காலி செய்துவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். தைக்குள் புது இடத்தில் கரண்டு வராவிட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். அவளை நம்பி எட்டுக் குடும்பங்கள் இருந்தன. அவர்களில் மூத்தவர் கோட்டைமேட்டு கலீல் ரஹ்மான். ராசாத்தாளின் புருஷன் மாரடைப்பில் இறந்துபோன வருஷம், பட்டறையை விற்றுவிடலாமா என்று அவள் கலங்கி நின்றபோது, "மோட்டாரை நான் பாத்துக்கறேன், கல்லை நீங்க பாத்துக்கங்கக்கா" என்று கூட நின்றவர். அந்த மனுஷரை நடுத்தெருவில் நிறுத்த ராசாத்தாளுக்கு மனசு வரவில்லை.

மின்சார ஆபீசில் கேட்டாள். தொழிலுக்குக் கரண்டு வேண்டுமென்றால் நிலத்துக்கு 'ஆயத்தச் சான்று' வேண்டும், அதைத் தொழில்மனை ஆயத்த வாரியம் கொடுக்கும் என்றார்கள்.

பொட்டல் நிலங்களைத் தொழில் செய்யத் தோதாக மாற்றுவதற்கு மானியம் கொடுக்கிற வாரியம் அது. கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நகைக்கடைக்கும் பட்டுக்கடைக்கும் நடுவில் வாடகை பங்களாவில் இருந்தது. சொந்தக் கட்டடத்துக்கு ஒதுக்கிய மனை ஆறு வருஷமாக ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. பெயர்ப் பலகை சுவரில் சாய்ந்து நின்றது. மாட்டுவதற்கு ஆணி வரவேண்டுமாம்.

கண்காணிப்பாளர் நஞ்சுண்டன் உள்ளூர்க்காரர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"சான்றுக்கு என்னுங்க அம்மணி, தாராளமா வாங்கிக்கலாமுங்க. மானியம் வாங்குன கையோட சான்றையும் குடுத்துருவோமுங்க."

"எனக்கு மானியம் வேண்டாமுங்க. காட்டை நானே நிரவிப்போட்டேனுங்க."

நஞ்சுண்டன் பேனாவை மூடி வைத்துவிட்டு, அதிகாரியின் அறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"மெல்லப் பேசுங்க. உள்ளார சார் இருக்காரு. மானியம் வாங்குனவங்களுக்குத்தான் சான்று. ஆயத்தமில்லாத நிலத்துக்குத்தான் மானியம். உங்குளுது ஆயத்தமா இருக்கறதுனால மானியம் இல்லீங்க. மானியம் இல்லாததுனால சான்று இல்லீங்க. சான்று இல்லாததுனால உங்க நிலம் ஆயத்தமில்லீங்க."

ராசாத்தாள் இதை இரண்டு தரம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். "ஆயத்தமில்லீன்னா மானியம் குடுக்க வேண்டியதுதானுங்களே."

"அதெப்படீங்க குடுக்கறது? அதுதான் ஆயத்தமா இருக்குதே."

"அப்ப நான் வேற என்னதானுங்க பண்றது?"

"சார் நேர்ல வந்து பாக்கட்டுமுங்க. அவரு பாத்தா ஒரு வழி பொறக்கும்."

பிறந்தது. மாவட்ட ஆயத்த அலுவலர் அதிவீரபாண்டியன் நஞ்சுண்டனையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கினார். தெற்குச் சீமைக்காரர், நாலு பேர் கூடியிருந்தால் மேடைத் தமிழில்தான் பேசுவார், ஆள் இல்லாதபோதும் பெரும்பாலும் அப்படித்தான். நிலத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தார். கால் எங்கும் தடுக்கவில்லை. முகம் வாடிப்போய்விட்டது.

"பாறைகள் எங்கேம்மா?"

"கிரைண்டர் ஆகிப்போச்சுங்க."

"எல்லாமா?"

"ஆமாங்க. உங்க ஆபீஸ் பக்கத்து ஊடுகள்ல இட்லிக்கு மாவாட்டிக்கிட்டு இருக்குதுங்க."

"திரும்பப் பெற முடியுமா?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கிறாரோ என்று ராசாத்தாள் நஞ்சுண்டனைப் பார்த்தாள். நஞ்சுண்டன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் நினைப்பது புரிகிறது," என்றார் அதிவீரபாண்டியன். "நிலத்தைச் சரிசெய்தது நல்ல காரியம்தானே என்று நினைக்கிறீர்கள். இப்படி ஆளாளுக்குத் தாங்களாகவே ஆயத்தமாகிவிட்டால் நாங்கள் யாரை ஆயத்தப்படுத்துவது? எங்களிடம் நூற்றுப்பத்து ஊழியர்கள் இருக்கிறார்கள், அம்மா. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆயத்தமான நிலம்தான் இந்த மாவட்டத்தின் வளர்ச்சிக்குப் பெரும் தடையாக இருக்கிறது."

சொல்லி முடித்ததும் அவருக்கே மனம் இளகிவிட்டது. உங்களைப் போல அவசரப்பட்டவர்களுக்கும் வாரியத்தில் ஒரு துணைத் திட்டம் உண்டு, முன்னிலை மீட்பு என்று பெயர், நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் எல்லோரையும் போல நீங்களும் ஆயத்தப்படுத்திக்கொள்ளலாம் என்று தேறுதல் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஆவணியில் லாரிகள் வந்தன. ராசாத்தாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டறையின் வாசல் எதிரில் பாறைகளைக் கொட்டிவிட்டுப் போயின. ஒவ்வொரு பாறையிலும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் இருந்தது. மழையில் மங்கிப்போன நம்பர்களுக்கு நஞ்சுண்டன் குனிந்து மறுபூச்சுப் பூசினார்.

"இது எங்கத்த கல்லுங்க?" என்று கேட்டாள்.

"வாரியத்துக் கல்லுங்க அம்மணி. ஒருத்தரு காட்டுல அகற்றுனா இன்னொருத்தரு காட்டுக்கு வேணுமல்லங்க. இந்தப் பதினாலாம் நம்பரு நெம்ப அனுபவசாலி. சூலூரு, அன்னூரு, காங்கயம் அல்லாப் பக்கமும் போயிட்டு வந்துருச்சு. இதுவரைக்கும் நாலு பேருக்கு மானியம் வாங்கிக் குடுத்திருக்குது. இன்னும் ரெண்டு வருசம் சர்வீஸ் போட்டா என்னைய விட சீனியரு."

பாறை வந்துவிட்டது, இனி மானியம் வரும், மானியத்தோடு சான்று வரும் என்று ராசாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். புரட்டாசி போனது, ஐப்பசியும் பிறந்தது. பாறையைத் தள்ளிப்போட அனுமதி கேட்டால், பாறை அகற்று விழா நடக்காமல் ஒரு கூழாங்கல்லைக்கூட அசைக்கக் கூடாது என்றார்கள். விழா எப்போது என்றால் சென்னையிலிருந்து ஆணையர் தேதி கொடுக்கும்போது. அவர் எப்போது கொடுப்பார் என்று கேட்டதற்கு, அதைக் கேட்பது மரியாதை இல்லை என்றார்கள்.

தீபாவளிக்குக் கிரைண்டர் கேட்டுக் கடைக்காரர்கள் ஆள் மேல் ஆள் அனுப்பினார்கள். கொட்டகையில் கல் தீர்ந்துவிட்டது. புதுப் பட்டறை வாசலில் வண்டி வண்டியாகக் கல் கிடந்தது. ஒருநாள் கலீல் ரஹ்மான் அங்கே வந்தவர், சும்மா இருக்கமாட்டாமல் பதினாலாம் நம்பரைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். கணீரென்று கேட்டது.

"அக்கா, நம்ம பழைய கல்லை விட இது தேவலைக்கா."

"அப்படியா?"

"ஆனா சர்க்காரு சொத்து. வம்பு வேண்டாங்க்கா."

ராசாத்தாளுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த ஆத்திரமெல்லாம் நெஞ்சுக்கு வந்தது. சொந்த நிலத்தில், சொந்த வாசலில், யாரோ கொட்டிவிட்டுப் போன கல்லைப் பார்த்துப் பயந்து நிற்கிற பிழைப்பு ஒரு பிழைப்பா என்று தோன்றியது.

"என்ற காட்டுல ரெண்டு மாசமாத் தின்னு தூங்கிக்கிட்டுக் கெடக்குது, வாடகை குடுத்துச்சா?" என்றாள். "கல்லுக் கொத்தற ஆளுகளை வரச் சொல்லுங்க கலீலு. சர்க்காரு வந்து கேட்டா மாவாட்டிக் குடுத்துக்கலாம்."

மறுநாள் உளிச் சத்தம் கேட்டது. கரண்டு இல்லாததால் எல்லாம் கைவேலைதான். அதிகாரிகள் கண்ணில் படுமே என்று கலீலுக்குக் கவலை. நஞ்சுண்டன் ஒரு தரம் வந்தார். பாதிப் பாறைகள் போன இடத்தைப் பார்த்தார், கொடுத்த டீயைக் குடித்தார், எழுந்துகொண்டார்.

"நான் ஒண்ணும் பாக்கலீங்க அம்மணி. பாறையைப் பாத்துட்டு வரச் சொல்லித்தான் எனக்கு உத்தரவு. பாறை இல்லாததைப் பாக்கறதுக்கு உத்தரவு இல்லீங்க."

மார்கழியில் நல்ல காரியம் எதையும் யாரும் தொடங்க மாட்டார்கள். ஆனால் ஆணையர் ஊட்டிக்குப் போவது மார்கழியில்தான் என்று முடிவாகிவிட்டதால், போகிற வழியில் பாறை அகற்று விழாவும் மார்கழியில் என்று முடிவாயிற்று. விழாவுக்கு முன்தினம் பந்தல்காரர்கள் வந்து, இடம் சமமாக இருக்கிறதென்று சந்தோஷமாகக் கால் நட்டார்கள். அன்று சாயங்காலமே மின்சார ஆபீசிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கம்பம் நட்டார்கள், ஒயர் இழுத்தார்கள், விளக்கு வைக்கும் நேரத்துக்குள் பந்தலில் கரண்டு வந்துவிட்டது. மைக் செட்டுக்கும் ஆணையருக்கு மேலே சுற்றும் மின்விசிறிக்கும் அது. ராசாத்தாள் அந்தக் கம்பத்தடியில் வெகு நேரம் நின்றாள். ஆடி மாதத்திலிருந்து தான் ஏறாத படியில்லை, ஒரு மின்விசிறிக்கு இருக்கிற யோக்கியதை எட்டுக் குடும்பத்துக்கு இல்லையா என்று நினைத்தபோது அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். இந்தக் கம்பம் இனி இங்கிருந்து போகக் கூடாது என்று அப்போதுதான் தீர்மானித்தாள்.

காலையில் அதிவீரபாண்டியன் வந்து பார்த்தார். பந்தல் இருந்தது, வாழை மரம் இருந்தது, பாறையை அகற்றப் பொக்லைன் வண்டி மாலை போட்டுக்கொண்டு நின்றது. பாறைதான் இல்லை. பட்டறை ஓரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிரைண்டர் கல் வரிசையாக இருந்தது. ஒன்றின் விலாவில் வெள்ளைப் பெயிண்டில் பதினாலு என்பதில் பாதி தெரிந்தது.

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "என் வேலையே போய்விடும், அம்மா."

அவரைப் பார்க்க ராசாத்தாளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கலீலின் வேலை போவதைப் பற்றி அவர் ஒரு நாளும் இப்படித் தரையில் உட்கார்ந்ததில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. "மோரு குடிக்கறீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆணையரின் கார் கரூரைத் தாண்டிவிட்டதாகச் செய்தி வந்தது. அதிவீரபாண்டியன் துள்ளி எழுந்து பந்தல்காரரைக் கூப்பிட்டார். அரசாங்கத்தில் அவசரம் என்று ஒன்று வந்துவிட்டால் எதுவும் முடியும். மூங்கிலை வளைத்துக் கட்டி, வைக்கோலைத் திணித்து, மேலே சாக்கைச் சுற்றிச் சாம்பல் நிறப் பெயிண்டை ஊற்றினார்கள். ஆளுயரத்துக்கு ஒரு பாறை தயாராகிவிட்டது. நஞ்சுண்டன் கடமை தவறாமல் அதற்கும் ஒரு நம்பர் போட்டார்.

விழா தொடங்கியது. அதிவீரபாண்டியன் பேசினார். "பாறை அகற்றுவதில் நம் மாவட்டம் தொடர்ந்து மூன்றாம் ஆண்டாக மாநிலத்தில் முதலிடம் பெற்றிருக்கிறது. எத்தனை அகற்றினாலும் நம் பாறைகளின் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறைவதில்லை. இந்த ஆண்டு ஒரே பாறையை ஐந்து இடங்களில் அகற்றும் அளவுக்கு நம் திறன் வளர்ந்திருக்கிறது."

கைதட்டினார்கள். ஆணையர் பச்சைக் கொடியை அசைத்தார். கல்லென்று நினைத்த பொக்லைன்காரர் முழு வேகத்தில் வாளியைத் தூக்க, பாறை காற்றில் எகிறிப் பந்தல் வாசல் வாழை மரத்தில் இடித்துக் கிழிந்து, முன்வரிசைக்காரர்கள் தலையில் வைக்கோலாகக் கொட்டியது.

ஆணையர் தோளிலிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு மைக்கைப் பிடித்தார். அனுபவஸ்தர்.

"நான் பணியில் சேர்ந்த காலத்தில் நம் பாறைகள் எவ்வளவு கனமாக இருந்தன என்று எனக்குத் தெரியும். அவை இன்று இவ்வளவு எடை குறைந்திருக்கின்றன என்றால் அது இந்தத் திட்டத்தின் வெற்றி என்றே சொல்வேன்."

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அடுத்து மானியம் வழங்கல். பயனாளியின் நன்றியுரையை ஆபீசிலேயே எழுதி ராசாத்தாளிடம் கொடுத்திருந்தார்கள். அவள் அதை நாலாக மடித்து மைக்குக்கு அடியில் வைத்தாள்.

கொங்கு நாட்டில் சண்டைக்கும் 'ங்க' உண்டு. கழுத்தைப் பிடித்தாலும் மரியாதையாகத்தான் பிடிப்பார்கள்.

"அல்லாருக்கும் வணக்கமுங்க. இந்தக் காட்டுல நடந்ததை ஆதியில இருந்து சொல்லிப்போடறேனுங்க. ஆவணி மாசம் ஒரு லாரி வந்துதுங்க."

அதிவீரபாண்டியன் நாற்காலியிலிருந்து எழுந்தார். "அம்மா, உங்களுக்குச் சான்று உண்டு."

"எப்பங்க?"

"தணிக்கை முடிந்து, விரைவில்."

"செரிங்க. அந்த லாரியில என்ன இருந்துதுன்னாங்க…"

"இந்த வாரத்துக்குள்."

"வெள்ளைப் பெயிண்ட்டுல நம்பரு போட்டு…"

"இப்போதே தருகிறோம், அம்மா, இப்போதே." பத்திரிகைக்காரர்கள் பேனாவைத் திறப்பதைப் பார்த்துவிட்ட ஆணையரும், இப்போதே என்று தலையசைத்தார். நஞ்சுண்டன் பையிலிருந்து சான்றை எடுத்தார். முத்திரையும் மைப்பெட்டியும்கூட அதே பையில்தான் இருந்தன. ஏன் முன்கூட்டியே கொண்டுவந்தார் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அதிவீரபாண்டியன் நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

ராசாத்தாள் சான்றை வாங்கிக் கீழே நின்ற கலீலிடம் கொடுத்தாள். கலீல் அதை வாங்கிக்கொண்டு நேராக மின்சார ஆபீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்குப் போய்விட்டார். ஆணையர் சிரித்த முகத்துடன் மானியக் காசோலையை நீட்டினார். போட்டோக்காரர் முட்டி போட்டார்.

"இது வேண்டாமுங்க."

"என்ன சொல்கிறீர்கள்?"

"நான் கேக்கவே இல்லீங்க. கரண்டுதானுங்க கேட்டேன்."

"மானியத்தை மறுப்பதற்கு விதியில் இடமில்லை, அம்மா," என்று அதிவீரபாண்டியன் பதறினார். "இதுவரை யாரும் மறுத்ததில்லை. இந்தக் கணக்கை முடிக்கவே முடியாது."

"விதியில இல்லாட்டிப் போகுதுங்க. கை என்னுதுதானுங்களே, அது நீளாதுங்க."

சொல்லிவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஆணையர் காசோலையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றார். போட்டோக்காரர் அதையே எடுத்தார். மறுநாள் பேப்பரிலும் அதுவே வந்தது.

சான்று கையில் இருக்க, கம்பமும் வாசலில் நிற்க, மின்சார ஆபீசுக்குச் சொல்லச் சாக்கு எதுவும் மிஞ்சவில்லை. பொங்கல் முடிந்த கையோடு கொட்டகையிலிருந்த சாமான்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து புதுப் பட்டறையில் இறக்கினார்கள். எட்டுப் பேரில் ஒருவரும் குறையவில்லை.

தை மாதக் கடைசியில் அதிவீரபாண்டியன் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் ஒரு நோட்டீஸ் இருந்தது. வாரியத்தின் பாறைகளை முன்பிருந்த நிலையிலேயே திருப்பி ஒப்படைக்க வேண்டும், மறுத்த மானியத்தை உடனே பெற்றுக்கொள்ள வேண்டும் என்று இரண்டு கட்டளைகள். சட்டப்படி அதை வாய்விட்டுப் படித்துக் காட்டினால்தான் கொடுத்ததாகக் கணக்கு.

உள்ளே கல் இழைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. செய்து முடித்த கிரைண்டர்கள் வரிசையாகச் சோதனைக்குச் சுற்றின.

"கொஞ்சம் மெஷினை நிறுத்தச் சொல்லுங்கம்மா," என்று அவர் சைகையும் கத்தலுமாகச் சொன்னார்.

ராசாத்தாள் பக்கத்தில் வந்து, அவர் காதருகே பதவிசாகச் சொன்னாள். "நிறுத்த மாட்டேனுங்க. இதுக்குத்தானுங்க நான் அத்தனை படி ஏறி எறங்குனது. அது பாட்டுக்கு ஓடட்டும். நீங்க பாட்டுக்குப் படிங்க."

நாற்காலி போட்டுக் கொடுத்தாள், மோர் வரவழைத்தாள், எதிரே கை கட்டி நின்றாள். அவர் படித்தார். குரலை உயர்த்தினார். கலீல் ரஹ்மான் அந்தப் பக்கமாகப் போனவர், சும்மா நின்ற இன்னொரு மெஷினையும் போட்டுவிட்டார். கழுத்து நரம்பு புடைக்கக் கடைசி வரி வரைக்கும் படித்து முடித்து, அதிவீரபாண்டியன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணுமே கேக்கலீங்களே," என்றாள் ராசாத்தாள்.

அவர் மறுபடியும் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.